வெள்ளைச் சேலை நின்ற ஓரம்

— உக்காரச் சொல்றியே சவரி, இந்த நாக்காலியில எத்தினி பொணத்தை உக்கார வச்சுப் படம் புடிச்சே?

— பொணத்துக்கு நாக்காலி அவுங்கவுங்க வூட்டுலயே எடுத்துப் போடுவாங்க அமிர்தலிங்கம் ஐயா. இது கல்யாண சோடிங்க உக்கார்றது. தைரியமா உக்காருங்க.

— எசமான் நிப்பாரு. நீ சோலியைப் பாரு.

— நல்லாச் சொல்லு வைத்திலிங்கம். நீ எனக்குக் கணக்குப்புள்ளையா வந்ததுலேருந்து இப்படி ஒரு கடைப்படியை நான் ஏறிப் பாத்திருக்கியா? உடையார்பாளையத்துலேருந்து அரியலூருக்கு வண்டி கட்டிக்கிட்டு, போயும் போயும் ஒரு போட்டோக்காரனைத் தேடி வரணும்னு என் தலையில எழுதியிருக்குது.

— அதானே எசமான்.

— என்ன வேணும்னு சொல்லுங்க ஐயா.

— சித்திரையில எம் பொண்ணு வேம்பு கல்யாணத்துல படம் புடிச்சியே, அது பதிஞ்ச கண்ணாடித் தட்டு இருக்கா, போட்டு ஒடைச்சிட்டியா?

— பத்திரமா இருக்குதுங்க. சீமையில நடக்கற இந்தச் சண்டையில புதுத் தட்டு எங்க கெடைக்குது? அன்னிக்கு எங்கிட்ட இருந்ததே ஒண்ணு தான். விடியாத முகூர்த்தம், வெளிச்சம் கெடையாது, வெயில் ஏறுற வரைக்கும் காத்துக் கெடந்தேன். நடு நாக்காலி யாருக்குன்னு உங்க பங்காளிங்க மல்லுக்கு நின்னதுல ஒரு நாழி போச்சு. மாப்புளைக்குத் தும்மல் வேற. அத்தனையும் தாண்டி எல்லார் கண்ணும் தெறந்திருக்கற மாதிரி ஒரு படம் எடுத்தேன். எனக்கு எலை போட்டது மாட்டுக் கொட்டாயில.

— பின்ன, சம்பந்திக்குப் பக்கத்துல போடணுமா? சோறு போட்டதே பெருசு.

— அதானே எசமான்.

— போட்டீங்க, இல்லைங்கலை. அப்பறம் ஒரு படம் கூட அச்சுப் போடக் கூடாதுன்னுட்டீங்க. உங்க தம்பி சம்சாரம் அதுல நின்னுட்டாங்கன்னு.

— தாலியறுத்தவ கல்யாணப் படத்துல வந்து நிப்பாளா? நீ ஏண்டா நிக்க வச்சே?

— நான் வைக்கலைங்க. பொண்ணு தான் சித்தி கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து ஓரத்துல நிறுத்துச்சு. கலியம்மா கூசிக்கிட்டே நின்னாங்க. அந்த மாதிரி ஒண்ணைப் பாக்கறது தான் இந்தத் தொழில்ல எனக்கு மிச்சம். மத்தபடி பொண்ணு கருப்பா இருக்குது, மாப்புளை மூக்கு சப்பையா இருக்குதுன்னு சாமி செஞ்ச தப்புக்கெல்லாம் திட்டு வாங்கறவன் நான்.

— இவனுக்கு மிச்சமாம். அவ வந்து நின்னா, எனக்கு மிச்சமில்லாமப் போச்சு. ஆடி பொறக்கல, எம் பொண்டாட்டி வாந்திபேதியில போயிட்டா.

— கேள்விப்பட்டேங்க. கொட்டாயில உக்காந்திருந்தவனுக்கு மோர் குடுத்தனுப்பினது பஞ்சவர்ணத்தம்மா ஒருத்தர் தான்.

— அவ மூஞ்சி மறந்துக்கிட்டு வருது. கண்ணை மூடினா மூக்குத்தி தெரியுது, மூஞ்சி தெரியல. அவ படத்துல நின்னது அந்த ஒரு தடவை தான். பெருசு பண்ணிக் குடு. தலைத் திவசத்துக்கு மாட்டணும்.

— இதுக்கா இத்தினி கோவம். அம்மா மூஞ்சியை மட்டும் எடுத்துக்கிட்டு மத்தவங்களை மறைச்சுடலாம். நாலு நாள்ல தரேன்.

— மறைக்கற வேலை ஆவாது. கலியம்மாவைச் சுரண்டி எடு. எம் பொண்டாட்டி இருக்கற தட்டுல அந்தப் பீடை இருக்கக் கூடாது.

— பெருசு பண்றதுக்கு அது தேவையே இல்லைங்க. இருக்கறது ஒரே தட்டு. அதுல கத்தி வைக்க வேணாம்.

— எனக்கு யோசனை சொல்றியா? வர்ற தையில உடையார்பாளையம் சுத்து வட்டாரத்துல ஒரு பந்தல்ல உன் பொட்டியை எறக்கிடுவியா? ஒரு வார்த்தை போதும் எனக்கு. பொணம் மட்டும் தான் உனக்கு வாடிக்கை.

— கல்யாணம் இல்லேன்னா இந்தக் கடை இல்லைங்க. சரி, சுரண்டித் தரேன். இந்தாங்க தட்டு, ஓரத்தைப் புடிச்சுக்குங்க. உள்ள போயிக் கத்தி எடுத்துட்டு வரேன். தட்டுல ஆளு அடையாளம் பாக்க ஒரு பழக்கம் வேணும், சித்த நான் வர்ற வரைக்கும்...

— எங் குடும்பத்தை எனக்கு இவன் அடையாளம் காட்டணுமாம். போடா உள்ள.

— போயிட்டான் எசமான்.

— வைத்திலிங்கம், இதைச் சன்னலுக்கு நேராப் புடி. என்னடா இது, மூஞ்சியெல்லாம் கரியா இருக்குது?

— கழுவாம வச்சிருக்கான் போல. வேட்டியெல்லாம் கருப்படிச்சுக் கெடக்குது பாருங்க.

— இவன் தொழில் லெச்சணம் இது. நடுவுல மாப்புளையும் பொண்ணும். பின்னால ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு பொம்பளை. இவளா, அவளா?

— இவுங்க தான் எசமான். பளிச்சுன்னு வெள்ளைச் சேலை.

— இத்தினி அழுக்குலயும் அவ வெள்ளை மட்டும் மின்னுது பாத்தியா? உன் பேனாக்கத்தியைக் குடு.

— அந்தாளு வந்துடட்டுமே.

— அவன் பாவ புண்ணியம் பாத்து மேலாக்கச் சுரண்டுவான். குடு இங்க. மொதல்ல கண்ணு. அப்பறம் அந்த வாயி. ஒரு நாளாவது எதுத்துப் பேசினியாடி, பேசாமயே குடியைக் கெடுத்தே. போ.

— மூஞ்சி சுத்தமாப் போயிடுச்சு எசமான்.

— ஐயா, என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?

— உன் வேலையை நான் முடிச்சிட்டேன். இந்தா, எம் பொண்டாட்டியைப் பெருசு பண்ணு.

— யாரைச் சுரண்டினீங்க?

— யாரையா? வெள்ளைச் சேலைக்காரியை.

— அந்த ஓரத்துல கருப்புச் சேலையில ஒருத்தர் நிக்கறாங்களே, அவுங்க யாருங்க?

— அவ தான் பஞ்சவர்ணம். அன்னிக்கு அரக்குப் பட்டு கட்டியிருந்தா. தட்டுல கருப்பாத் தெரியுது.

— தட்டுல எல்லாம் தலைகீழுங்க. வெள்ளை வேட்டி கருப்பாத் தெரியும். வெள்ளைச் சேலையும் கருப்பாத் தான் தெரியும்.

— அப்ப அரக்குப் பட்டு?

— எசமான், வாங்க போயிடலாம்.

— சும்மா இருடா. சவரி, அரக்குப் பட்டு எப்படித் தெரியும்?

— வெள்ளையாத் தெரியும். கையைத் தொடைச்சுடாதீங்க ஐயா, உங்க வெரல்ல ஒட்டியிருக்கற அந்தக் கருப்புப் பொடி தான் அம்மாவோட மூஞ்சி.