ஓரம் வெறுமையாக இருந்த பக்கம்

எனக்குக் கையெழுத்து அழகாக வரும், விசாரணை அதிகாரி ஐயா. அதனால்தான் பிறப்பு இறப்புப் பதிவு வேலையில் சேர்த்தார்கள். பிரெஞ்சுக்காரன் போனாலும் அவன் பழக்கம் போகவில்லை. ஒருவர் செத்தால், சாவுப் புத்தகத்தில் எழுதிய கையோடு அவர் பிறந்த பக்கத்தின் ஓரத்திலும் ஒரு வரி குறிக்க வேண்டும். நான் சில சமயம் தள்ளிப்போடுவேன். யாரும் கேட்டதில்லை.

எழுபத்தொன்றில் டில்லித் தலைவர் ஜெயித்தபோது ஆபீசில் லட்டு வாங்கிக் கொடுத்தவன் நான். எழுபத்தைந்தில் அவசரநிலை வந்தது. எல்லோரும் பத்து மணிக்கே நாற்காலியில் இருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, ஒளிக்க மாட்டேன்.

மறுவருடம் எங்களுக்கு ஒரு உத்தரவு. ஒவ்வொரு குமாஸ்தாவும் இரண்டு பிள்ளை பெற்ற ஆண்கள் நாலு பேரைக் கருத்தடைக்குக் கொண்டுவர வேண்டும். குறைந்தால் குமாஸ்தாவே போய்ப் படுக்க வேண்டும். எனக்கு மூன்றும் பெண். ஒரு பையனுக்காக என் மனைவி சந்திரகலா மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் கிடைத்தார்கள். நாலாவதாகக் கண்ணையன் பெயரை எழுதினேன்.

கண்ணையன் முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி. அவனுடைய இரண்டு பிள்ளைகளும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் போனவர்கள். சாவை என்னிடம்தான் பதிந்தான். 

அவனை ஜீப்பில் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள்.

"எனுக்குப் புள்ளைங்களே இல்ல டாக்டர். ரெண்டும் பூடுச்சி. இவுருதான் எழுதுனாரு, கேளுங்க" என்று என்னைக் காட்டினான்.

நான் பிறப்புப் புத்தகத்தைப் பிரித்து வைத்தேன். இரண்டு பக்கத்திலும் ஓரம் வெறுமையாக இருந்தது. சாவுப் புத்தகத்தை நான் எடுத்துப் போகவில்லை.

"சொல்லுங்க சார்" என்றான்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க டாக்டர்" என்றேன்.

எழுபத்தேழில் தலைவர் தோற்றார். தெருவெல்லாம் வெடி வைத்தார்கள். அந்த மாதமே எனக்குப் பையன் பிறந்தான்.

கண்ணையன் இப்போது யாரிடமும் பேசுவதில்லையாம். அவன் பெண்டாட்டி பார்வதிதான் மாதம் ஒருதரம் எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வருகிறாள். "புள்ளைங்க பேரு இருக்கற எடத்தக் காட்டுங்க சார்" என்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்பாள். அவள் போன பிறகும் ஜன்னல் பக்கம் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

டில்லியில் யாருக்கும் கண்ணையனைத் தெரியாது. அவனைக் கொடுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஓரத்தை இன்றுவரை நான் நிரப்பவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பிள்ளைகளை இன்னும் உயிரோடு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.