ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு

கண்ணில் சொட்டு மருந்து விடுவது எல்லோருக்கும் கைவராது. கீழிமையை லேசாக இழுத்து, விழி மேலே போகும் நேரம் பார்த்து விட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் மருந்துக் கடையில் நின்றவன் நான். என் மனைவிக்கு ஒரு சொட்டுகூடக் கன்னத்தில் வழிந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

அவள் ஓவியர். மரத்தின் வேரைப் பெண்ணின் கூந்தலாகப் போடுவாள். வெடித்த விதையை நிறைமாத வயிறாகப் போடுவாள். பார்க்கிறவர்கள் கண் கலங்குவார்கள். எனக்கு அதெல்லாம் புரியாது. சட்டம் அடித்து, துணியை இழுத்துக் கட்டிக் கொடுப்பது என் வேலை.

எங்கள் மகள் ஆறு வயதில் குளத்தில் மூழ்கிப் போனாள். என் மனைவி மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். குழந்தை என் பொறுப்பில் இருந்தது. நான் குதித்தும் காப்பாற்ற முடியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பத்துப் பேராவது பார்த்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு இவள் தண்ணீரைத் தவிர எதையும் வரையவில்லை. தண்ணீருக்குள் தாய்மார்கள், தண்ணீரில் முளைத்த கைகள். நான் தடுக்கவில்லை. மூன்றாவது வருஷம் ஒரு படத்தில், கரையில் ஓர் ஆள் நின்றான். விரல் உயரம், முதுகு காட்டி.

"யாரும்மா இது?" என்றேன்.

"தெரியலங்க. கை தானா போட்டுடுச்சு."

அடுத்த படத்தில் அவன் வளர்ந்திருந்தான். வெளிர்நீலச் சட்டை. அதற்கடுத்ததில் கன்னத்தின் ஓரம் தெரிந்தது.

"சட்டையில ஒரு பொட்டு ஈரம் இல்ல பாருங்க," என்றாள் தூரிகையைக் கழுவிக்கொண்டே. "இவனத் திருப்பிடணும். மூஞ்சியப் பாத்துட்டேன்னா அப்புறம் நிம்மதியாத் தூங்குவேன்."

அவளுக்கு ஏற்கெனவே கண்ணில் அழுத்தம் இருந்தது. மருந்து விட்டால் இருக்கிற பார்வை நிலைக்கும். விடாவிட்டால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்; போனது திரும்பாது. வலியே இருக்காது. அதை நன்றாக யோசித்த பிறகுதான் குப்பியைக் காலி செய்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றினேன். அளவாக உப்பும் சேர்த்தேன். வெறும் தண்ணீர் கண்ணில் எரியும்.

பதினான்கு மாதம். காலையும் மாலையும் ஒரு வேளை தவறவில்லை.

அவள் தங்கைதான் முதலில் கவனித்தாள். "ஓரமெல்லாம் ஏன்க்கா வெள்ளையா விட்டிருக்க?"

"எங்கடி விட்டிருக்கேன்? நல்லாப் பாரு."

தங்கை படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "மாமா, அந்த மருந்து பாட்டிலக் கொடுங்க. வேற டாக்டர்கிட்ட காட்டலாம்."

"தீந்துடுச்சும்மா."

"இப்பதான விட்டீங்க?"

நீட்டிய கையை அவள் மடக்கவேயில்லை. சட்டைப்பைக்குள் குப்பி என் விரலில் சுழன்றுகொண்டிருந்தது. கொடுத்துவிட்டேன். மற்றது உங்களுக்குத் தெரியும்.

என் மனைவி மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை, சார். அந்தப் படங்கள் அவளைத் தின்றுகொண்டிருந்தன, ஓய்வு வேண்டியிருந்தது. நேற்றுகூடப் படச் சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து, துணியைத் தடவிக்கொண்டு கேட்டாள்: "திரும்பிட்டானாங்க?"

"திரும்பிட்டான்."

"யாரு?"

"யாரோ. நமக்குத் தெரியாத ஆளு."

தலையாட்டினாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நல்லதுதானே செய்திருக்கிறேன்?

குளத்தைப் பற்றியும் கேட்டீர்கள். மகள் மூன்று தடவை அப்பா என்று கூப்பிட்டாள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தண்ணீர் என்றால் பயம், கால் நகரவில்லை. சத்தம் அடங்கிய பிறகு, மரங்களுக்குள்ளிருந்து இவள் ஓடி வருவது கேட்ட பிறகுதான் இறங்கினேன். தண்ணீர் என் இடுப்பளவுதான் இருந்தது. சட்டை நனைய நான் உட்கார வேண்டியிருந்தது.