சங்கிலி மாட்டாத ஸ்பிரிங்

ஹலோ... ஹலோ, நொரீன்? நான்தான், வெர்ன்... ஆமா, வெர்ன்தான். சனிக்கிழமை காலையிலேயே ஒம் புருஷன் வண்டிய ரிப்பேர் பண்றேன்னு வந்து உக்காந்திருக்கிற அதே வெர்ன்... அவனா? நல்லா இருக்கான். ரொம்ப நல்லா இருக்கான். கையில கடப்பாரையோட இருக்கான்... கடப்பாரை. கட-ப்பாரை. இரு, இப்பக் கேக்கும் பாரு... கேட்டுச்சா? அது என் காரோட முன்விளக்கு. இது ரெண்டாவது. முதல் விளக்கு போனப்ப ஒனக்கு நம்பர் போட்டுக்கிட்டு இருந்தேன்.

பதறாத... பதறாத நொரீன், நான் பத்திரமா இருக்கேன். ஒங்க ஷெட்டுலதான். ஒங்க பிக்கப் வண்டிக்குள்ள ஏறிக் கதவப் பூட்டிக்கிட்டேன்... ஏன்னா, ஒன் ஓரின் எத வேணா ஒடைப்பான், தன்னோட பிக்கப்ப மட்டும் ஒடைக்க மாட்டான். இன்னைக்கு மொன்டானாவுல எனக்கு இதவிடப் பாதுகாப்பான எடம் கெடையாது... ஆமா. ஆமா, முன்சக்கரம் கழட்டித்தான் இருக்கு. ஆமா, வண்டி ஸ்டாண்டு மேலதான் நிக்குது. தும்மினாக்கூட ஆடுது. அதான் மெதுவாப் பேசுறேன்.

...பேச்சு ஏன் இப்படியா? பல்லு ஒண்ணு போச்சும்மா. முன்பல்லு. அந்த ஓட்டையில காத்து போகுது... ஓரின்தான். வேற யாரு? ஒரே குத்து.

இல்ல, இல்ல, குடிக்கல. பீர் பெட்டிய இன்னும் பிரிக்கவேயில்ல. வேலை முடிஞ்சாத்தான் பீர், ஒனக்குத் தெரியாதா... எங்ககூட ரிப்பேருக்கு வந்த ஆர்னியா? இருக்கான், ஆனா உபயோகமில்ல. தரையில உக்காந்து மூக்கப் புடிச்சிக்கிட்டு இருக்கான்... சரி, சரி, மொதல்லேர்ந்து சொல்றேன். கத்தாத, பக்கத்துல பாதிரியார் நிப்பாரு. சர்ச்சுக்காகக் கேக் விக்கிற எடத்துல இதெல்லாம் கேட்டா எவனும் வாங்க மாட்டான்.

தப்பு என்னுதுதான். ஆரம்பம் என்னுது. முன்சக்கரத்துப் பழைய ஸ்பிரிங்கக் கழட்டுறப்ப அதுக்குள்ள ஒரு சங்கிலிய விட்டு வண்டிச் சட்டத்தோட கட்டிடணும். இல்லேன்னா அமுங்கிக் கெடந்த ஸ்பிரிங் பீரங்கிக் குண்டா ஆயிடும். ஓரின் ஜாக்கியப் புடிச்சிக்கிட்டு, "சங்கிலி மாட்டிட்டியாடா?"ன்னான். நான், "கல்யாணப் பொண்ணுக்கு மோதிரம் மாட்டுற மாதிரி மாட்டிட்டேன்"னேன். ஆர்னி விழுந்து விழுந்து சிரிச்சான். அவன் சிரிச்சதுல, மாட்டிட்டேன்னு நானே நம்பிட்டேன்... இல்ல. மாட்டல. அந்தச் சங்கிலி மேலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

...ஆமா, முட்டாள்தான். ஆமா. எங்கம்மாவும் அதத்தான் சொல்லும். மேல கேளு.

ஓரின் ஜாக்கிய எறக்குனான். ஒரு சத்தம் பாரு, காதுக்குள்ள இன்னும் கொய்ங்குன்னு இருக்கு. ஆர்னி தொப்பியக் காணோம். தலை இருக்கு, தொப்பி இல்ல. ஓரினுக்குப் புருவம் கிழிஞ்சு மொகமெல்லாம் ரத்தம்... கண்ணு நல்லா இருக்கு. சத்தியமா. ரெண்டு கண்ணாலயும் என்னத் தேடிக்கிட்டுத்தான் இருக்கான்.

அதுக்கு அடிக்கல நொரீன்! அதான் நான் சொல்ல வர்றது. ரத்தம் ஒழுக ஒழுக நின்னு சிரிச்சான். "இனிமே பீர் ஒன் செலவு"ன்னான். அவ்ளோதான். தலையக் கொய்ய இருந்தவன மன்னிச்சிட்டான். அப்படிப்பட்டவன் எதுக்கு அடிச்சான்னா...

இரு. இரு இரு. வர்றான்... ம், இல்ல, திரும்பிட்டான். என் கார் கதவுக்குப் போறான்... ஐயோ. கதவும் போச்சு. அதத் தொறக்கிறதுக்கு எப்பவும் ஒதைக்கணும், இனிமே அந்தக் கஷ்டம் இல்ல.

எங்க விட்டேன்? ஆங், ஸ்பிரிங். அது எங்க போச்சுன்னு திரும்பிப் பாத்தோம். ஒங்க பெரிய ப்ரீசர் இருக்குல்ல, மூலையில? அது வயித்துல பூந்து நிக்குது. கறியெல்லாம் கெட்டுடுமேன்னு நான் ஓடிப்போய் மூடியத் தூக்குனேன்... ...யாருக்கும்மா இப்பக் கேக் வெலை சொல்ற? ...நொரீன்? ...இருக்கியா?

ஒண்ணுமில்ல உள்ள. ஒரு எலும்புத்துண்டு இல்ல. தொடச்சு வச்சிருக்கு. பிளக்கையும் புடுங்கியிருக்கு. அக்டோபர்ல! எல்க் மான் வேட்டை தொடங்கி ஊரே காட்டுல கெடக்கு. இவன் இந்த வருஷம் அனுமதிச் சீட்டே வாங்கல, ஏன்டான்னா முதுகு வலிங்கிறான். முதுகு வலிக்காரன் காலையிலேர்ந்து வண்டிக்கடியில மல்லாந்து கெடக்கான்... நம்ம ஊருல பனி விழப்போற நேரத்துல, குளிர்காலத்துக்குக் கறி சேக்காம ப்ரீசர் காலியா இருந்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?

பேச்ச மாத்தாத. கேக்க விடு. இவ்ளோ கனமான புது ஸ்பிரிங் எதுக்குடான்னு கோடையிலேர்ந்து கேக்குறேன். "விறகு"ங்கிறான். ஒன்னக் கேட்டா, "அவனையே கேளு"ங்கிற. பின்னாடி போடுறதுக்கு வாங்கி வச்சிருக்கானே அந்த ஸ்பிரிங் பட்டை, அது விறகுக்கு இல்ல நொரீன், அதுல ஒரு வீட்டையே ஏத்தலாம்... ஆமா. அதத்தான் கேட்டேன். சிரிச்சிக்கிட்டேதான் கேட்டேன், "என்னடா, சொல்லாமக் கொள்ளாம ஊரவிட்டு ஓடுறியா?"ன்னு. பல்லு அப்பத்தான் போச்சு.

ஆர்னி நடுவுல பூந்தான், சமாதானம் பண்ண. அவன் வயித்துல முட்டிக்கால். அவன் சித்த நேரம் குனிஞ்சு நின்னு யோசிச்சான். அப்புறம் சமாதானத்தக் கீழ போட்டுட்டு ஸ்பேனர எடுத்தான். ரெண்டு பேரும் கட்டிப் பொரண்டு மேசையெல்லாம் சாஞ்சு, ஆணியும் போல்ட்டும் தரையெல்லாம்... பதினஞ்சு வருஷம் ஒரே லாரியில மரம் ஏத்துனவங்க, நாய் மாதிரி... நான் பாத்தேன், இது சிரிக்கிற விஷயமில்லன்னு. ஏறிப் பூட்டிக்கிட்டேன். என்ன எட்ட முடியலன்னு அவன் கடப்பாரையோட என் காருக்குப் போயிட்டான்.

இந்தா, வர்றான். நெசமாவே வர்றான்... டேய் ஓரின்! கண்ணாடியத் தட்டு, வண்டியத் தட்டாத! டேய், ஆட்டாதடா! ஸ்டாண்டு! கீழ ஸ்டாண்டு சாயுதுடா! ஆர்னி, அவனப் புடி! ஓரின், கால எடு! கால எடுடா—

...

...ஹலோ? ஆங்... இருக்கேன். இருக்கேன், அழாத. விழுந்துடுச்சு. வண்டி மூஞ்சி தரையில குத்திடுச்சு. தலையில இடிச்சிக்கிட்டேன், அதுல ஒடையறதுக்கு ஒண்ணும் இல்ல... அவன் காலா? இரு. ஓரின், காலு? ...இருக்காம். ரெண்டும் இருக்காம். பூட்ஸ் நுனி மட்டும் நசுங்கியிருக்கு.

கடப்பாரையத் தூக்கிப் போட்டுட்டான். கண்ணாடியில மொகத்த ஒட்டி, "வெர்ன், உசுரோட இருக்கியா, வெர்ன்"ங்கிறான். ரத்தமும் கண்ணீரும்... அடிக்கும்போதுகூட எனக்குப் பயமில்ல, இதப் பாக்கத்தான் பயமா இருக்கு... இப்பப் பக்கத்துலயே தரையில உக்காந்துட்டான். ஆர்னி அவனுக்குக் கைக்குட்டை குடுக்குறான். தன் மூக்குல வச்சிருந்ததத்தான்.

நொரீன், கேளு. சுத்தி வளைக்காத. எனக்கு ஒரு வார்த்த போதும். போறீங்களா?

...

ம்.

...ம். நெவாடாவா... சுரங்கத்துலயா. சரி... அடுத்த மாசம் நன்றித் திருநாளுக்கு முன்னாடியேவா... வீடு? ...வித்தாச்சா. சரி. சரி சரி. இல்ல, கோவமில்ல. மரம் வெட்டுற வேலை செத்துப்போச்சு, எனக்குத் தெரியாதா. சரி.

எங்கிட்ட ஏன் சொல்லல? ...நான் கேலி பண்ணுவேன்னா? பண்ணியிருப்பேன்தான், அது அவனுக்குப் புதுசா... அது இல்லையா? பின்ன?

...

...என்ன சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு.

...நான் கேலி பண்ணாம வாயடைச்சு நின்னுட்டா, அப்புறம் அவனால போக முடியாதுன்னா... அவன் வாயால சொன்னானா? இதே வார்த்தையா?

...ம். கேட்டேன். கேட்டேன் நொரீன். அதான், இவ்ளோ நாள்ல இப்பத்தான் ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் எனக்கு நேரா பதில் சொல்லியிருக்கீங்க.

இல்ல, நீ வர வேணாம். கேக்கெல்லாம் வித்து முடி. எனக்கு மெதுவா இருக்கறதா ஒண்ணு எடுத்து வை, பல்லில்ல... சண்டை முடிஞ்சிடுச்சு. வேலைதான் முடியல. பின்பக்கம் பட்டை வேற போடணும், அவ்ளோ தூரம் வீட்டயே இழுத்துக்கிட்டுப் போற வண்டி... வைக்கிறேன்.

டேய் ஓரின், எந்திரி. ஜாக்கியப் போடு. ஆர்னி, ஸ்டாண்ட நிமித்து... என்னடா பாக்குற? ஒரு கேலியும் வரலடா எனக்கு. தேடித்தான் பாக்குறேன். அந்தச் சங்கிலிய எடு... இல்ல, நீ குடு. நானே மாட்டுறேன். மாட்டிட்டேனான்னு பக்கத்துல நின்னு பாரு.