பக்கத்துச் சீட்டு பிரேக்

மாலை ஆறரை மணி. கிடங்குகளுக்குப் பின்புறமாகப் போகிற சாலை. பகலில் லாரிகள் போகும், வரும். பொழுது சாய்ந்தால் நாய்கூட அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காது. அந்தச் சாலையின் வளைவில்தான்... ஓடுகிற காரிலிருந்து ஒரு மனிதரை ஒருவன் தள்ளிவிட்டான்.

எங்கேயோ யாருக்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறானே நம் பெயின்ட்டர், அவனுடைய கூடப்பிறந்த அக்கா வீட்டில் நடந்தது. தள்ளிவிடப்பட்டவர் அக்காவின் கணவர். இருவருமாக ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்தினார்கள். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கட்டின மனைவிகூடக் கோபம் வந்தால் “ஆமா, பெரிய மாஸ்டரு!” என்றுதான் சொல்வாள்.

பேய் எப்போது வரும் என்று அவசரப்படக் கூடாது. முதலில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படத் தெரியாது.

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்துச் சீட்டுக்காரரின் காலடியிலும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். அவை தனிப் பெடல்கள் அல்ல. ஓட்டுகிறவரின் பெடலோடு ஓர் இரும்புத் தண்டால் இணைத்திருப்பார்கள். சொல்லிக்கொடுக்கிறவர் மிதித்தால், கற்றுக்கொள்கிறவரின் காலடியில் இருக்கும் பெடலும் தானாகக் கீழே போகும். ‘டக்’ என்று ஒரு சத்தம். இரண்டும் ஒன்றாகத்தான் இறங்கும், ஒன்றாகத்தான் ஏறும். மாஸ்டர் வாழ்நாளில் பாதியை அந்தச் சீட்டில் உட்கார்ந்து கழித்தவர். பிரேக்கை மிதித்து மிதித்தே முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. எப்போதும் தைலம் மணக்கும் அவர்மேல்.

பழைய காரை விற்கத் தீர்மானித்தபோது அந்த இரட்டைப் பெடலைக் கழற்றினார்கள். ஸ்கூல் வண்டி சாதாரண வண்டி ஆக வேண்டுமென்றால் கழற்றித்தான் தீர வேண்டும். மறுநாளே, விளம்பரம் பார்த்து ஒருவன் போன் செய்தான்; வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். அக்கா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்; மாஸ்டர் ஸ்பீக்கரில் பேசினார். அவன் எதற்கும் “சரி சரி சரி” என்றான். மூன்று தடவை, நடுவில் மூச்சுவிடாமல். கடைசியில் மூக்கால் ஒரு சிரிப்பு.

“தனியாவா போறீங்க? தம்பியக் கூட்டிட்டுப் போங்களேன்,” என்றாள் அக்கா.

“ஏண்டி, ஊர்ல பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக்குடுத்தவன் நான். என் கால் இருக்கிறப்போ எவன் என்ன பண்ணிருவான்?”

அதுதான் அவர் செய்த தப்பு. பெடலைக் கழற்றியது மூளைக்குத் தெரியும்... காலுக்குத் தெரியாது.

அன்று இரவு அவரை அந்த வளைவில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். கார் மட்டும் இரண்டு ஊர் தள்ளி, நடுரோட்டில் நின்றது. நான்கு சக்கரமும் இறுகிப்போய், பிரேக் பிடித்தபடி. சாவி அதிலேயே தொங்கியது, திருடினவனைக் காணோம். மெக்கானிக் வந்து பார்த்தான். இழுவை வண்டிக்காரன் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. கடைசியில் அக்கா போய் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தொட்டாள். டக்... சக்கரம் விட்டுக்கொடுத்தது.

பக்கத்துச் சீட்டின் கீழே குனிந்து பார்த்தாள். ரப்பர் பாய் ஒரே இடத்தில் கிழிந்திருந்தது. ஒரு பாதத்தின் அளவுக்கு. அவன் வேகமெடுத்த நேரத்திலிருந்து தள்ளிவிட்ட நேரம்வரை, இல்லாத பிரேக்கை அவர் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவளுக்கு அங்கே அழுகை வரவில்லை. பல்லைக் கடித்த சத்தம் தம்பிக்குக் கேட்டதாம்.

“வண்டிதான் கிடைச்சிருச்சேம்மா,” என்றார் விசாரிக்க வந்த அதிகாரி. “முகம் தெரியாது, பேர் தெரியாது, போன் நம்பரும் போலிப் பேர்ல வாங்கினது. எங்க போய்த் தேடறது?”

ஒரு வருஷம் கார் கூடாரத் துணிக்குள் கிடந்தது. வாசலைக் கடக்கும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. விற்றுத் தொலைத்துவிடலாம் என்று தம்பியிடம் சொன்னாள். வெள்ளைக் கார் நீலமானது. கிழிந்த பாய்க்குப் பதில் புதுப் பாய். அக்காவுக்கென்று ஒரு புது எண் வாங்கி, அதைப் போட்டு விளம்பரம் கொடுத்தார்கள்.

இந்தத் தடவை அக்கா எதிலும் விட்டுக்கொடுக்கவில்லை. பார்க்க வருகிறவனை வீட்டுக்கு அழைப்பதில்லை; ஆள்நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்க் வாசலுக்கு, பட்டப்பகலில் வரச் சொல்வாள். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் லைசென்ஸை வாங்கிப் போட்டோ எடுத்து, அங்கிருந்தே தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். எந்தச் சாலை என்று அவள்தான் சொல்வாள். முதலில் அவள் ஓட்டிக் காட்டுவாள். சீட்டு மாறும்போது இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி நடந்துவந்து, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகுதான் சாவியை நீட்டுவாள். அந்த ஒரு நிமிஷத்தில்தான் பாதிக் கார்கள் களவு போகின்றன. நீங்கள் இறங்கிச் சுற்றி வருவதற்குள் வந்தவன் உள்ளே நகர்ந்து கிளம்பிவிடுவான். பின்சீட்டில் தம்பி, கட்டாயம்.

முதலில் வந்தது ஒரு நர்ஸ். நல்ல பெண். கொஞ்சம் படபடப்பு. வேகத்தடையை அவள் கவனிக்கவில்லை. அக்கா வாயைத் திறப்பதற்குள்... டக். கார் மெத்தென்று நின்றது.

“பிரேக் நல்லாப் பிடிக்குதே!” என்றான் பின்னாலிருந்து தம்பி, வியாபாரக் குரலில்.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. “நான் மிதிக்கவே இல்லண்ணா. கால் வைக்கிறதுக்கு முன்னாடியே அது கீழ போச்சு.”

அக்கா தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் புதுப் பாய் ஒரு பாதம் அளவுக்கு அமுங்கியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க... மெல்ல மேலே எழுந்தது.

“அக்கா, தைலம் தேச்சிருக்கியா?” என்றான் தம்பி.

அவள் தேய்க்கவில்லை.

நர்ஸ் அந்தக் காரை வாங்கவில்லை. வாங்குகிறேன் என்றிருந்தாலும் அக்கா கொடுத்திருக்க மாட்டாள். அன்றோடு விற்கிற எண்ணம் போயிற்று. ஆனால் விளம்பரத்தை எடுக்கவில்லை. போன் வந்தால் எல்லோரிடமும் இரண்டு வார்த்தை பேசுவாள், குரலை உற்றுக் கேட்பாள், “வித்துப்போச்சுங்க” என்று வைத்துவிடுவாள்.

“விக்கிற வண்டிக்கு விளம்பரம் குடுப்பாங்க. விக்காத வண்டிக்கு எதுக்குக்கா?”

“கொக்கு ஒத்தக் கால்ல எதுக்குடா நிக்குது?”



ஒருநாள் அந்தப் போன் வந்தது. உண்மையாக வாங்குகிறவன் வண்டியைப் பற்றிக் கேட்பான்: எவ்வளவு ஓடியிருக்கிறது, டயர் எப்படி, ஏன் விற்கிறீர்கள் என்று. திருட வருகிறவன் உங்களைப் பற்றிக் கேட்பான். அவன் கேட்டது இதுதான்: “நீங்க மட்டும்தான் வருவீங்களா? வீட்ல ஆம்பளைங்க யாரும் வருவாங்களா?”

“யாரும் இல்லீங்க. நான் மட்டும்தான்.”

“சரி சரி சரி.” மூக்கால் ஒரு சிரிப்பு. “வேலை முடிஞ்சு ஆறரைக்குத்தான் வர முடியும்.”

“வாங்க. நானும் அந்த நேரத்தத்தான் நெனச்சேன்.”

போனை வைத்துவிட்டு, தான் போட்ட விதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்... பெடலைக் கழற்றுகிற மாதிரி. பகல் வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம். சாலையை அவனே சொல்லட்டும். பின்சீட்டில் ஆள் வேண்டாம்.

“உனக்கென்ன பைத்தியமா?” தம்பி கத்தினான். “அவன்தான்னு தெரிஞ்சும் தனியாப் போறியா? போலீசுக்குச் சொல்லு.”

“என்னன்னு சொல்லுவேன்? குரல் ஒரே மாதிரி இருக்குதுன்னா? அவங்க வர்றதுக்குள்ள போயிருவான்.” சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள். “அப்புறம், நான் தனியாப் போகலடா.”

அவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல பல்வரிசை, சென்ட் வாசனை. பார்த்தால் பெண் கொடுக்கலாம். பங்க் வெளிச்சத்தில் நீலக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். எண் பலகையும் மாறவில்லைதான். ஆனால் காரைத் திருடுகிறவனுக்கு எண் பலகை வாழைப்பழத் தோல் மாதிரி. உரித்து எறிகிற சாமானை எவன் ஞாபகம் வைத்துக்கொள்வான்?

அக்கா சாவியை நீட்டிவிட்டுப் பக்கத்துச் சீட்டில் ஏறினாள். அவன் கிடங்குச் சாலைக்குத் திருப்பினான். ஜன்னல் கண்ணாடி ஏற்றியிருந்தது. சென்ட் வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது... அதன் இடத்தில் தைலம். கடைசிக் கிடங்கு தாண்டியதும் நிறுத்தினான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“பின் டயர்ல ஏதோ தட்டற மாதிரி சத்தம். கொஞ்சம் எறங்கிப் பாக்கிறீங்களா அக்கா?”

இந்த இடத்தில்தான் யாரும் இறங்கக் கூடாது. மாஸ்டர் அன்றைக்கு இறங்கியிருக்க மாட்டார்; அதனால்தான் தள்ளவேண்டி வந்திருக்கிறது.

அக்கா இறங்கினாள்.

கதவைச் சாத்தவில்லை. குனிந்து, சீட் பெல்ட்டை இழுத்து, காலிச் சீட்டின் குறுக்கே மாட்டினாள். பெல்ட் தொய்ந்து விழவில்லை. ஒருவருடைய மார்மேல் கிடக்கிற மாதிரி, விறைப்பாக நின்றது.

“ஏங்க,” என்றாள், சீட்டைப் பார்த்து. “நான் எறங்கிட்டேன். இனி உங்க கிளாஸ்.”

“யார்கிட்ட பேசறீங்க?” என்றான் அவன்.

அவள் கதவைச் சாத்தினாள்.

கார் சீறிக்கொண்டு பறந்தது. அக்கா நடுரோட்டில் நின்று பார்த்தாள். பிரேக் பெடல் விரற்கடை அளவு இறங்கினாலே போதும், பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துவிடும். வளைவு நெருங்கியது. எந்த ஓட்டுநரும் அங்கே பிரேக் போட்டாக வேண்டும். விளக்கு எரியவில்லை. உள்ளே அவனுடைய தலை முன்னும் பின்னும் ஆடுவது தெரிந்தது. முழு உடம்பையும் கொடுத்து எதையோ மிதிக்கிறான்... விளக்கு எரியவில்லை.

சொல்லிக்கொடுக்கிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு. பயந்துபோய் நடுரோட்டில் பிரேக்கைக் குத்துகிற ஆள் வந்தால், தங்கள் பெடலுக்கு அடியில் பாதத்தைக் கொடுத்து முட்டுக்கொடுத்து வைப்பார்கள். ஒன்று இறங்காவிட்டால் மற்றதும் இறங்காது. தலைகீழாக நின்றாலும் இறங்காது.

முதல் தடவை மாஸ்டர் காரை நிறுத்தினார். அவன் இறங்கி ஓடிவிட்டான். மாஸ்டர் ஒரே தப்பை இரண்டு தடவை செய்கிறவர் அல்ல.

கார் வளைவில் திரும்பியது. அழகாக, கோடு போட்ட மாதிரி. மோதுகிற சத்தத்துக்காக அக்கா காத்திருந்தாள். வரவில்லை. இன்ஜின் சத்தம் தூரத் தூரப் போய்த் தேய்ந்தது. மனசு கேட்காமல் பின்னாலேயே கிளம்பியிருந்த தம்பி ஓடிவந்து சேர்ந்தபோது சாலை காலியாக இருந்தது.

காரும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை. இன்றுவரை.

ஆனால் மறுநாள் ஆறரைக்குப் போன் வந்தது. அதே எண். பின்னால் இன்ஜின் இரைச்சல்.

“அக்கா... நிறுத்தச் சொல்லுங்க... பெடல் எறங்க மாட்டேங்குது. கதவு திறக்க மாட்டேங்குது.”

“எங்க இருக்கீங்க?”

“தெரியல. வளைவு... முடிஞ்சா மறுபடியும் அதே வளைவு. இவரு பேசவும் மாட்டேங்கிறாரு. அக்கா, உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்...”

அக்கா, புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னாள்: “பழகப் பழக வந்துரும்.”

வைத்துவிட்டாள்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிற காரில் யாரும் டேங்கை நிரப்ப மாட்டார்கள். அன்றைக்கு அதில் இருந்த பெட்ரோல் பக்கத்து ஊர்வரைகூடப் போதாது. அந்தப் போனுக்குச் சார்ஜ் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கக் கூடாது.

போன வாரம் பெயின்ட்டர் அக்கா வீட்டில் இருந்தபோது, வழக்கம்போல ஆறரைக்குப் போன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை, துணி மடித்துக்கொண்டே, “நீயே எடுத்துக் கேளு” என்றாள். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

இப்போதெல்லாம் அந்தத் திருடன் கெஞ்சுவதில்லையாம். ‘அக்கா’ என்று கூப்பிடுவதுமில்லை. தொண்டை கட்டிப்போன குரலில், சின்னப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

“கண்ணாடி பாத்தாச்சு... இண்டிகேட்டர் போட்டாச்சு... கிளட்ச் மிதிச்சாச்சு...”

ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில், அவனுக்கு மிக அருகிலிருந்து, இன்னொரு குரல்.

“ம்.”