ஒரு கரண்டி கிருமி

பாகூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அரியாங்குப்பம் தாண்டியதும் தங்கை சொன்னாள்: "இன்னிக்கி அத்தினியையும் நானே வேகவெச்சிக் கொன்னுட்டேன்க்கா."

பக்கத்து சீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் மெல்வதை நிறுத்தினார்.

"இன்னாடி சொல்ற? எத கொன்ன?"

"லேபுல நான் வளத்த கிருமியத்தான். கரும்பாலைக் கழிவுப் பாகைத் துன்னுட்டு மருந்து குடுக்குமே, அதுங்கள. ஆராய்ச்சிக்கு இனிமே பணம் கெடையாதுன்னு டில்லியில சொல்லிட்டாங்க. ஆளுக்கும் இல்ல, கரெண்டுக்கும் இல்ல."

கிருமி என்றதும் வெற்றிலைக்காரர் தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம கூட போயி அதுங்களுக்குத் தீனி மாத்திட்டு வருவியேடி. ஏன் கொன்ன?"

"உயிரோட சாக்கடையில ஊத்தக் கூடாதுக்கா. குக்கராட்டம் ஒண்ணு இருக்கு, அதுல வேகவெச்சிதான் ஊத்தணும்."

"ஒரு கரண்டி எடுத்தாந்திருக்கலாமில்ல? தயிருக்கு ஒற வெக்கறாப்புல வூட்டுல வெச்சிருக்கலாம்."

"நம்ம வூட்டுல தாங்காதுக்கா. வெயிலுக்கே செத்துடும்."

தவளக்குப்பத்தில் பஸ் வெகுநேரம் நின்றது. பஸ் கிளம்பிய பிறகு அக்காதான் கேட்டாள்.

"குடுவையில வளருது, பெரிய தொட்டியில வளத்துப் பாக்கணும்னு தொட்டி கேட்டு எழுதிப் போட்டியே. அது இன்னா ஆச்சி?"

"தொட்டிக்குப் பணம் முன்னாடியே குடுத்துட்டாங்கக்கா. நேத்துதான் லாரியில வந்துச்சி. நான்தான் கையெழுத்துப் போட்டு எறக்கினேன்."