கேள்விக்குறி போட்ட நத்தை

— அந்தக் கல்லுல கால் வைக்காதண்ணா, ஆடுது.

— கல்லு ஆடலம்மா, உங்கண்ணன் முட்டிதான் ஆடுது. இன்னா மெர்சி, அந்த இடுக்குல எதனா இருக்கா?

— நத்த ஓடு. வெறும் ஓடு. உள்ள ஆளில்ல.

— ஓடு கெடைச்சா போதாதா? நீ போட்டோவுல காட்டின மாதிரிதானே இருக்குது, பழுப்புக் கோடு போட்டு.

— வெறும் ஓட்ட வச்சுதானே இத்தினி வருஷம் தகராறு. வெள்ளைக்காரன் காலத்துல ஒரு துரை இந்த ஆம்பூர் மலையில ஒரே ஒரு ஓடு பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினாரு. பேரு வச்சாரு, இன்ன வகைன்னு எழுதினாரு, பக்கத்துல ஒரு கேள்விக்குறியும் போட்டாரு. அவருக்கே சந்தேகம். அப்புறம் புஸ்தகம் எழுதினவங்க எல்லாம் அந்தக் கேள்விக்குறியையும் சேத்தே காப்பி அடிச்சுட்டாங்க.

— உன் காலேஜு பசங்க மாதிரி.

— அதே மாதிரி. ஓட்ட மட்டும் நம்பக் கூடாதுண்ணா. உடம்ப அறுத்துப் பாத்தாதான் எந்த வகைன்னு தெரியும்.

— எங்க தோல் மண்டியில கேக்குறானுங்க... மேஸ்திரி, ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் குடைய எடுத்துக்கினு மலைக்குப் போறீங்களாமே, புதையலான்னு. நத்தைன்னேன். அத உரிச்சா எத்தினி அடி தோல் வரும்னு கேக்குறான் ஒருத்தன்.

— நீ இன்னா சொன்ன?

— பதம் போட்டா ஒரு கைக்குட்ட தேறும்னேன்... சிரிக்கக்கூட மாட்டேங்கிற.

— சிரிச்சேன். மழையில உனக்குக் கேக்கல. அண்ணா... ஒண்ணு சொல்லணும். அந்தக் கேள்விக்குறி போயிடுச்சு.

— எங்க போச்சு?

— அடிச்சாச்சு. ரெண்டு வருஷம் முன்ன ஒரு நத்தைய எடுத்துக் குடுத்தியே, அத வச்சு எழுதி அனுப்பினேன். லண்டன் மியூசியத்துல அந்தப் பழைய ஓட்ட பாத்துக்கற அம்மாகூட சரின்னுட்டாங்க. துரை சொன்ன வகை தப்பு. இது வேற வகை.

— அடிப்பாவி, இத மலை ஏறதுக்கு முன்னாடியே சொல்ல மாட்டியா? நான் குடுத்ததா உதவுச்சு?

— அதேதான்.

— அப்போ வேல முடிஞ்சுதே. இன்னும் எதுக்கு இந்தத் தேடல்?

— உயிரோட ஒண்ணு பாக்கணும். நீ குடுத்ததுக்கு அப்புறம் ரெண்டு மழைக்காலம் தேடியாச்சு. ஒண்ணுகூட இல்ல.

— இருக்கும் மெர்சி. மலை பெருசு.

— நீ எதுக்குண்ணா வாரா வாரம் வர்ற? அண்ணி பேஜார் ஆவறாங்க, நத்தையக் கட்டிக்கினு அழு, என்ன ஏன் கட்டிக்கினன்னு கேட்டாங்களாம். ஆனா நான் போன் போடறதுக்குள்ள நீ கீழ ஆட்டோவோட நிக்கற.

— தங்கச்சி தனியா ஏறுவான்னுதான்... இன்னா அப்படி பாக்குற?

— நீ குடுத்தது செத்துக் கெடந்துதுன்னு சொன்னியே.

— ஆமா. பாறைக்கு அடியில... செத்துதான்...

— ஓட்டோட வாயில உப்பு பூத்திருந்துச்சுண்ணா. மலையில உப்பு ஏது?

— நீ அன்னிக்கு வேலூர்ல பரிட்ச ட்யூட்டி. வர ரெண்டு நாள் ஆகும், கெட்டுப் போகாம வச்சிருன்னு போன்ல சொன்ன.

— சொன்னேன்.

— கெட்டுப் போகாம வைக்கணும்னா எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். லாரியில பச்சத் தோல் எறங்கின உடனே உப்பு. வேற யோசனையே வரல மெர்சி, கை தானா போச்சு. டப்பாவுல போட்டு மேல ஒரு பிடி... நுரை தள்ளுச்சு. தண்ணி ஊத்தினேன். ஊத்தி ஊத்திப் பாத்தேன்.

— உயிரோட வைன்னு நானும் சொல்லலியே. ஈர எல போட்டு, மூடியில ஓட்ட போடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நாள் பூரா பாடம் நடத்தறவ, உனக்கு மட்டும் பாதி சொல்லிட்டு போன் வச்சுட்டேன்.

— அப்பவே தெரியுமா உனக்கு?

— டப்பாவத் தொறந்தப்பவே.

— கேட்டிருக்கலாமே. ரெண்டு வருஷம் அத வயித்துல வச்சுக்கினே சுத்தறேன்.

— நீயா சொல்லுவன்னு இருந்தேன்... அண்ணா, உயிரோட அது நகர்றத பாத்தியா?

— பாத்தேன். மழ விட்ட சாயங்காலம். கொம்ப நீட்டிக்கினு நின்னு நின்னு வந்துது. உடம்பு தேன் கலரு. ஓரத்துல லேசா செவப்பு.

— செவப்பா... துரைகூட அத பாத்ததில்ல. இதுவரைக்கும் பாத்தவன்னா நீ ஒருத்தன்தான்.

— அந்தப் பெருமய வச்சுக்கினு நான் இன்னா பண்றது. இரு... உப்பு பட்டா தோலே சுருங்கும். அதோட உடம்பு கூழாப் போயிருக்குமே. எத அறுத்துப் பாத்த?

— வேற வழி இருந்துச்சு. மழ ஜாஸ்தியாவுது, எறங்கலாம்ணா.

— மெர்சி. மிஞ்சினது ஒண்ணும் இருக்காது. எத வச்சு துரை தப்புன்ன?

— விடேன்.

— என்னுத சொல்லிட்டேன். இப்ப நீ எதையோ முழுங்குற.

— துரை சொன்ன வகை மண்ணுல முட்ட வைக்கும்ணா. இது வைக்காது, வயித்துலயே வச்சிருந்து குட்டியா எறக்கும். உடம்பு கூழாதான் போச்சு... வயித்துக்குள்ள குட்டிங்க ஓடு அப்படியே இருந்துச்சு. கடுகு கடுகா, கோடுகூட விழுந்திருந்துது. மழைக்கு அதுங்கள எறக்கி விடத்தான் அது அன்னிக்கு வெளிய வந்திருக்கு.