அளவெடுக்காத சட்டை

— இன்னொரு தடவை சொல்லுங்க, கேட்போம்.

— என்னத்த?

— இப்ப தையல் மெஷின் மேல குனிஞ்சு முணுமுணுத்தீங்களே, அதை. "ஐ வில் மீட் ஹெர் சண்டே." ஹெர்னா பொம்பளைன்னு கூடத் தெரியாத மக்கு இல்லைங்க நான்.

— அடியே, அது பாடம். பட்டன் கடைக்காரர் இங்கிலீஷ் சொல்லித் தர்றார். இந்த வாரம் மீட்.

— இந்த வயசுல பாடமா! நல்லா இருக்கு கதை.

— இதோ பாரு, மீட்டுன்னா சந்திக்கிறது. ரெண்டு ரோடு வந்து சேருதுல்ல, அதுக்கும் அதான். நாலு பேரு கூடிப் பேசுனா மீட்டிங். ஒருத்தரை முதல் முதலாப் பார்த்தா "நைஸ் டு மீட் யூ"ன்னு சொல்லணுமாம்.

— யாரைப் பார்த்தா?

— சும்மா பொதுவா சொன்னேன்.

— பொதுவா! ஞாயித்துக்கிழமை கடை லீவு. மீசைக்கு மை வேற. சரி, அந்த நீலச் சட்டை யாருக்கு?

— கஸ்டமருக்கு.

— பில் துண்டு குத்தலை. அளவுச் சட்டையும் இல்ல. அளவு இல்லாம கைக்குட்டை கூட வெட்ட மாட்டீங்களே!

— அது வந்து...

— வந்தும் வேணாம், போயும் வேணாம். எவ அவ? சட்டை அவ தம்பிக்கா?

— வாயைக் கழுவுடி! நம்ம பொண்ணு!

— என்ன சொன்னீங்க?

— நம்ம பொண்ணுன்னேன். அவளா கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு, "இனிமே என் கண்ணுல படக்கூடாது"ன்னு நீ கத்துன. நானும் மண்டையை மண்டையை ஆட்டுனேன். என்னால முடியலடி. ஞாயித்துக்கிழமை வரேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். மாப்பிள்ளைக்குத் தமிழ் ஒரு சொல் வராது. முதல் தடவை பார்க்கப் போறேன், ஊமை மாதிரி நிக்கிறதா? அதான் இங்கிலீஷ். சட்டையும் அவருக்குத்தான்.

— அளவு?

— அவ அனுப்புன போட்டோவைப் பார்த்துக் குத்துமதிப்பா வெட்டுனேன். திட்டணும்னா திட்டிக்கோ. நான் போகத்தான் போறேன்.

— போட்டோவைப் பார்த்துத் தைக்கிற டெய்லரை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். இப்படிக் குடுங்க அதை. ம்... நினைச்சேன்.

— என்ன நினைச்ச?

— கை நீளம் பத்தாதுங்க. போன மாசம் நான் கொண்டுபோய்க் குடுத்த ரெடிமேட் சட்டையே மாப்பிள்ளைக்கு மணிக்கட்டுக்கு மேல ஏறி நின்னுச்சு.